மருந்தை நிறுத்திய பிறகு: ராசிபுரம் பக்கத்து மரவள்ளித் தோட்டத்தில் மாவுப்பூச்சியும் குளவியும் (2022 பருவம், நிகழ்வு ஆய்வு)

பின்னணி

ராசிபுரம் வட்டத்தில் கிணற்றுப் பாசனமும் சொட்டுநீரும் உள்ள இரண்டு ஏக்கர் செம்மண் தோட்டம். பல வருடங்களாகக் குச்சிக்கிழங்கு எனும் மரவள்ளிதான் முதன்மைப் பயிர். தோட்டக்காரருக்கு ஐம்பது வயதைக் கடந்துவிட்டது. அவரும் மனைவியும்தான் பெரும்பாலான வேலைகளைப் பார்க்கிறார்கள். நடவுக்கும் அறுவடைக்கும் மட்டும் ஆள் வைப்பார்கள். கிழக்கே வரப்பை ஒட்டி இருப்பது பங்காளியின் ஒன்றரை ஏக்கர். 2022 பொங்கல் முடிந்த வாரத்தில் இரண்டு தோட்டத்திலும் ஒரே லோடு குச்சியிலிருந்து ஒயிட் தாய்லாந்து ரகத்தை நட்டார்கள். மூன்றடிக்கு மூன்றடி, ஏக்கருக்கு ஏறத்தாழ 4,840 செடி.

அந்தக் குச்சி வெளியூரிலிருந்து வாங்கியது. வந்தபின் இரண்டு மாதம் மரநிழலில் நிறுத்தி வைத்திருந்து, நடும்போது 8 முதல் 10 கணு இருக்கும்படி கரணையாக வெட்டினார்கள். கார்பெண்டசிம் லிட்டருக்கு 1 கிராம் கரைத்து 15 நிமிடம் ஊறவைத்தார்கள். கரணை அழுகலைத் தடுக்க அது சரியான வேலை. ஆனால் அது பூசணத்துக்கான மருந்து. கணு இடுக்கில் பூச்சி முட்டை இருந்தால் அதை ஒன்றும் செய்யாது. இந்த நிகழ்வில் நேர்ந்ததில் பாதி இங்கிருந்தே தொடங்கியது என்று பின்னர் தெரிந்தது.

மாவுப்பூச்சி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் தென்பட்டது. அடுத்த இரண்டு வருடங்களில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றையும் வெளுக்க வைத்தது. இங்கே அதற்குக் கள்ளிப்பூச்சி என்று பெயர். 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து, பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அவற்றில் அசரோபேகஸ் பப்பாயே என்ற இனம் சில மாதங்களிலேயே பூச்சியை அடக்கியது. அந்த நினைவு இன்னும் ஊரில் இருக்கிறது. நல்ல நினைவுதான், ஆனால் இந்த முறை அதுவே வழி தப்ப வைத்தது.

ஏனென்றால் 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் வேறொரு இனம் முதன்முறையாக இந்தியாவில் பதிவானது: பீனகாக்கஸ் மேனிஹாட்டி, அதாவது மரவள்ளி மாவுப்பூச்சி. அங்கிருந்து அது சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளிப் பகுதிக்குப் பரவியது. பிறப்பிடம் தென்னமெரிக்கா. இதற்கு ஆண் தேவையில்லை. பெண் மட்டுமே பெண்ணைப் பெறும். ஒரு பெண் 400-க்கு மேல் முட்டையிடும். வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு கரணையில் ஒரே ஒரு பூச்சி ஒட்டி வந்தாலும் ஒரு தோட்டத்துக்குப் போதும்.

மார்ச், ஏப்ரல்: கண்டதும் செய்ததும்

மார்ச் நடுவில், செடி இரண்டு மாதப் பயிராக இருந்தபோது, குச்சியை இறக்கி வைத்திருந்த மூலையை ஒட்டிய வரிசைகளில் கொழுந்து சுருண்டது. கணு இடைவெளி குறுகி, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து, பூக்கோசு போல முடிக்கொத்து விழுந்தது. தேமல் நோயில் இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக வந்து கோணும், வளர்ச்சி முனை இப்படி அடைத்துக்கொள்ளாது. அந்த வேறுபாட்டைத் தோட்டக்காரர் சரியாகவே கண்டார். தேமல் இல்லை, பூச்சிதான் என்று அன்றே சொன்னார்.

எந்தப் பூச்சி என்பதில்தான் தவறு நடந்தது. பழைய கள்ளிப்பூச்சி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கூடவே அடியிலைகளில் செம்பேனும் இருந்தது. மருந்துக்கடையில் சொன்னபடி புரொபெனோபாஸ் என்ற பூச்சிமருந்தை லிட்டருக்கு 2 மில்லி வீதம், இரண்டு ஏக்கருக்கு 400 லிட்டர் தண்ணீரில் 800 மில்லி கலந்து மார்ச் 18, ஏப்ரல் 4, ஏப்ரல் 22 என மூன்று முறை அடித்தார்கள். மருந்துக்கும் கூலிக்கும் சேர்த்து ஏறத்தாழ 9,000 ரூபாய் ஆனது.

ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான். நான்கைந்து நாள் கொழுந்து சுத்தமாகத் தெரியும். பத்தாம் நாள் வாக்கில் மறுபடியும் வெள்ளை படியும். காரணம் பூச்சி இருக்கும் இடத்திலும் அதன் உடல் அமைப்பிலும் இருக்கிறது. முடிக்கொத்துக்குள் இலை மடிப்புகளுக்கு நடுவே அது அடைந்திருக்கும். தெளிப்பு நீர் வெளியிலையில் பட்டு வழிந்துவிடும். உடல்மேல் இருக்கும் மெழுகுப்பொடி தண்ணீரை ஒட்டவிடாது. ஒட்டும் திரவம் சேர்க்காமல் அடித்தால் மருந்து முத்து முத்தாக உருண்டு விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முட்டைகள் பஞ்சுப் பைக்குள் இருப்பதால் அவற்றை மருந்து தொடுவதே இல்லை. வெளியில் திரிந்தவை மட்டும் செத்தன. அவற்றுடன் மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளும் செத்தன. முட்டை பொரித்ததும் எதிரி இல்லாத கொழுந்து குஞ்சுகளுக்குத் தயாராக இருந்தது.

ஏப்ரல் 30: முறையான முதல் பார்வை

பயிர்ப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒரு ஆலோசகர் ஏப்ரல் கடைசியில் தோட்டத்துக்கு வந்தார். முதலில் செய்தது எண்ணிக்கை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் கோணலும் மாணலுமாக நடந்து, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது போல 50 செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கொழுந்தையும் விரித்துப் பார்த்தார். 39 செடிகளில் பூச்சி இருந்தது. மோசமான செடியைத் தேடிப் போய் எண்ணினால் எண் பொய் சொல்லும். அதனால் நின்ற இடத்திலிருந்து எட்டடி வைத்து வலது கைப்பக்கம் முதலில் வரும் செடி என்று ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். அதே விதிதான் பருவம் முடியும்வரை.

அடுத்தது இனம் காணுதல். இதற்கு நுண்ணோக்கி வேண்டியதில்லை. 10 மடங்கு கைலென்சும் ஈரமாக்கிய ஓவியத் தூரிகையும் போதும். ஒரு பூச்சியை வெள்ளைத் தாளில் வைத்து, தூரிகையால் மாவை நீவி விட்டால் உடல் நிறம் தெரியும். மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி. முதுகில் இரண்டு கருங்கோடும் பின்னால் நீண்ட வாலும் இருந்தால் வேறு உள்ளூர் இனம். இங்கே தாளில் இருந்தது ரோஜா நிறத்தில், முட்டை வடிவத்தில், ஓர மயிர்கள் மிகக் குட்டையாக இருந்தது. இடமும் ஒத்துப்போனது: பப்பாளி இனம் பெரும்பாலும் இலையடியில் பஞ்சு போலப் பரவும், மரவள்ளி இனம் கொழுந்தைத் தேடிப் போய் அடையும். எடுத்துப் பார்த்த 30 பூச்சிகளில் 28 ரோஜா நிறம்.

இதனால் ஒன்று தெளிவானது. "பழைய குளவி தானா வந்து பாத்துக்குமுங்க" என்று ஊரில் சிலர் சொன்னது நடக்காது. 2010-இல் வந்த குளவி பப்பாளி மாவுப்பூச்சிக்கானது. இந்த இனத்துக்கு அது உதவாது. இதற்கென்று உள்ள குளவி வேறு.

மே 2: முடிவும் அதன் காரணங்களும்

அந்தக் குளவி அனகைரஸ் லோபெசி. மரவள்ளி மாவுப்பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, அங்கு கோடிக்கணக்கானவர்களின் அன்றாட உணவில் கைவைத்தது. 1981-இல் பராகுவேயில் பூச்சியின் பூர்விக இடத்தையும் அங்கே அதை அடக்கி வைத்திருந்த இந்தக் குளவியையும் கண்டுபிடித்து, அதே ஆண்டு நைஜீரியாவில் விடத் தொடங்கினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்துப் பூச்சியியலாளர் ஹான்ஸ் ஹெரன் 1995-இல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2008-இல் தாய்லாந்துக்குள் பூச்சி நுழைந்தபோது, அடுத்த வருடமே அங்கும் இந்தக் குளவி போய்ச் சேர்ந்தது. நம் நாட்டுக்கு, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் இதைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்துச் சோதித்தது. முதல் வெளி விடுவிப்பு 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. இந்தத் தோட்டத்தில் முதல் மருந்து அடித்த அதே மாதம் அது.

தாய்லாந்து அனுபவத்தைப் பற்றி 2019-இல் வந்த ஆய்வு ஒன்று இந்த முடிவுக்குப் பெரிய துணையாக இருந்தது. பூச்சி வந்தபோது அங்கே மரவள்ளி விளைச்சல் 18 சதவீதம் விழுந்தது. தட்டுப்பாட்டை ஈடுகட்ட அண்டை நாடுகளில் மரவள்ளிப் பரப்பு விரிந்தது. அந்த நாடுகளில் மரவள்ளி விரிந்த பகுதிகளில் காடழிப்பின் உச்ச வேகம் நாட்டுக்கு நாடு 185 முதல் 608 சதவீதம் வரை கூடியது. குளவி நிலைத்து விளைச்சல் மீண்டபின் காடழிப்பு வேகம் நாட்டுக்கு நாடு 31 முதல் 95 சதவீதம் வரை தணிந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு குளவி ஒரு தோட்டத்து வரப்புக்கு அப்பாலும் இவ்வளவு செய்கிறது என்பதை மரவள்ளி நடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடுத்த முடிவு மூன்று பகுதி. ஒன்று, புரொபெனோபாஸ் உட்பட எந்தப் பூச்சிமருந்தும் இனி அடிப்பதில்லை. இரண்டு, குளவிக்குப் பதிவு செய்துவிட்டு, அது வரும்வரை மிக மோசமான முடிக்கொத்துகளைக் கிள்ளிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துவது. மூன்று, குளவி விட்ட நாளிலிருந்து ஒரு கொழுந்தையும் கிள்ளக் கூடாது.

மாற்று வழிகளையும் எடை போட்டுப் பார்த்தார்கள். ஃபுளோனிகாமிட் லிட்டருக்கு 0.3 கிராம், ஸ்பைரோடெட்ராமேட் லிட்டருக்கு 1.25 மில்லி என்ற பரிந்துரைகள் இருந்தன. புரொபெனோபாஸைவிட இவை மேல். ஆனால் அடைந்த முடிக்கொத்துக்குள் இறங்க மீண்டும் மீண்டும் அடிக்க வேண்டும், செலவு கூடும். வேறொரு காரணம் அதைவிட முக்கியமானது. அனகைரஸ் தாய்க்குளவி பூச்சியின் பருமனைப் பார்த்து முட்டையிடும். சிறு குஞ்சுக்குள் பெரும்பாலும் கருவுறாத முட்டையை வைக்கும், அதிலிருந்து ஆண் வரும். பெருத்த குஞ்சிலும் வளர்ந்த பூச்சியிலும் கருவுற்ற முட்டையை வைக்கும், அதிலிருந்து பெண் வரும். அடிக்கடி மருந்து அடிக்கும் தோட்டத்தில் பெரிய பூச்சி செத்து, பொரித்த குஞ்சு மட்டுமே மிஞ்சும். அங்கே குளவி விட்டால் அடுத்த தலைமுறையில் ஆண்தான் மிகும், இனம் பெருகாது. குளவி வேலை செய்ய வேண்டுமானால் தோட்டத்தில் எல்லா வயதுப் பூச்சியும் இருந்தாக வேண்டும்.

இதை ஏற்பது லேசாக இருக்கவில்லை. பூச்சியை வளர்த்துவிட்டுக் குளவியை எதிர்பார்ப்பதா என்று தோட்டக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. பயிர்க்கடன் இருந்தது. பங்காளி வரப்பில் நின்று, "அண்ணா, நான் அடிச்சுக்கிட்டேதான் இருப்பேன், கடைசீல உங்க பூச்சி எங்கூட்டுப் பக்கம் வந்து சேரும் பாருங்க" என்றார். அவர் மேலும் இரண்டு முறை அடித்தார். யாரையும் வற்புறுத்தவில்லை, அதனாலேயே இந்த நிகழ்வில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தோட்டம் கிடைத்தது.

மே மாதம்: காத்திருப்பு

மே மாதத்தில் இருமுறை நல்ல மழை. செம்பேன் முற்றாக ஒடுங்கியது. மாவுப்பூச்சியும் சற்றுக் கழுவப்பட்டது. ஜூன் 4 எண்ணிக்கையில் 50-க்கு 36. மூன்று செடி குறைந்ததைப் பெரிய மாற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்த இடைவெளியில் செய்த உருப்படியான வேலை எறும்பை அகற்றியது. மாவுப்பூச்சி கழிக்கும் தேன் போன்ற இனிப்பு நீரை எறும்பு குடிக்கிறது. பதிலுக்குக் குளவியை அண்டவிடாமல் விரட்டுகிறது. வடக்கு வரப்பில் ஏழு புற்றுகள் இருந்தன. அவற்றைக் கொத்திக் கலைத்து வேப்பம்புண்ணாக்கைப் போட்டு மூடினார்கள். பூச்சிமருந்துத் தூள் போடும் பழக்கத்தை வேண்டாமென்று விட்டார்கள், அது குளவிக்கும் எமன். வரப்பில் இருந்த பார்த்தீனியத்தையும் துத்தியையும் பிடுங்கினார்கள். அவை பப்பாளி மாவுப்பூச்சிக்குப் புகலிடம் என்பதால் இரண்டு பூச்சிகளும் கலந்து எண்ணிக்கை குழம்பாமல் இருக்க அது உதவியது.

ஜூன் 5: விட்ட நாள்

கடைசி மருந்துக்கும் குளவி விட்டதற்கும் இடையே 44 நாள். குளவிகள் நான்கு குப்பிகளில் 50 வீதம் 200 வந்தன. குப்பி வாயில் மெல்லிய துணி, உள்ளே சுவரில் தேன் கோடு. குளவி கருமையாக இருக்கும், உணர்கொம்பில் கறுப்பும் வெள்ளையும் பட்டை இருக்கும். கைலென்சில் பார்த்தால் பெண்ணின் உணர்கொம்பு தட்டையாகவும் ஆணின் உணர்கொம்பு மயிர்க்கொத்தோடும் தெரியும்.

ஒரு குப்பி வழியிலேயே வீணானது. மூன்று குப்பிகள் தெர்மக்கோல் பெட்டியில் ஈரத்துணி மேல் வந்தன. இடம் போதாமல் நான்காவதை வண்டியின் முன்பையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். காலை பத்து மணி வெயிலில் அரைமணி நேரம். எடுத்துப் பார்த்தபோது தேனில் ஒட்டியும் அடியில் சுருண்டும் கிடந்தன. நகர்ந்தவை ஏழு மட்டும்.

மிச்சத்தை மாலை ஐந்தரை மணிவரை வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்துவிட்டு மேற்கு ஓரத்தில் விட்டார்கள். ஆனி, ஆடியில் மேக்காத்து அடிக்கும். மேற்கில் விட்டால் காற்றே தோட்டத்துக்குள் கொண்டுசேர்க்கும். பங்காளி மருந்து அடிக்கும் கிழக்கு வரப்பிலிருந்தும் தூரம். குப்பியைத் தட்டி உதறவில்லை. பூச்சி நிறைந்த கொழுந்தருகே கிளையில் சாய்வாகக் கட்டித் துணியை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏறி வந்து, குப்பி விளிம்பில் சிறிது நின்று, கொழுந்துக்குத் தாவின. இரண்டு நிமிடத்தில் ஒன்று ஒரு பூச்சியை உணர்கொம்பால் தட்டித் தட்டி அளந்து, திரும்பி நின்று வயிற்று முனையைச் செலுத்தியதை அங்கிருந்த மூவரும் பார்த்தார்கள்.

ஜூன் 20 அன்று இன்னும் 100 குளவிகளை நடுத்தோட்டத்தில் விட்டார்கள். அதன்பின் விடவில்லை.

பின்னர் நடந்தது

முதல் அடையாளத்தைக் கண்டது தோட்டக்காரரின் மனைவி. ஜூன் 21, களை எடுக்கும்போது: "இதென்னுங்க, பூச்சி காஞ்சு கடுகாட்டம் கெடக்குது." முடிக்கொத்துக்குள் ஆறேழு பூச்சிகள் மாவு உதிர்ந்து, உப்பி, பழுப்பேறி, பீப்பாய் போலக் கெட்டியாகி ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே குளவிப்புழு பூச்சியைத் தின்று முடித்துக் கூட்டுப்புழுவாகி இருக்கும்போது உடல் இப்படி ஆகும். சில நாளில் பின்முனையில் வட்டத் துளையிட்டுக் குளவி வெளியேறும். துளை உள்ள கூடு என்றால் குளவி பறந்துவிட்டது, துளை இல்லாத கூடு என்றால் உள்ளே இருக்கிறது. தோட்டத்தில் அன்றாடம் பார்ப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியது இந்த ஒரு வேறுபாட்டைத்தான். முட்டையிலிருந்து குளவி வரை வெப்பக் காலத்தில் 18 நாள் அளவில் ஆகும். மாவுப்பூச்சியின் ஒரு தலைமுறைக்குள் குளவிக்கு ஏறத்தாழ இரண்டு தலைமுறை வந்துவிடும்.

எண்ணிக்கை இப்படிப் போனது. ஜூலை 9-இல் 50-க்கு 31 செடியில் பூச்சி, அவற்றில் 14 செடியில் பழுப்புக் கூடு. ஆகஸ்ட் 6-இல் 17 செடி. செப்டம்பர் 3-இல் 7. அந்த ஏழிலும் கொழுந்துக்குள் இருந்தவை பெரும்பாலும் துளைவிழுந்த கூடுகள். பங்காளி தோட்டத்தில் அதே ஆகஸ்ட் 6-இல் 50-க்கு 33.

மழை இரண்டு தோட்டத்துக்கும் ஒன்றாகத்தான் பெய்தது. ஆகவே மழையால்தான் குறைந்தது என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது. ஆனாலும் குளவிதான் காரணம் என்று சொல்ல வேறொரு சோதனையும் தேவைப்பட்டது. ஜூலை 10 அன்று ஒத்த அளவிலான பத்துக் கொழுந்துகளில் பத்து வளர்ந்த பூச்சிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தூரிகையால் அகற்றினார்கள். ஐந்து கொழுந்துக்கு நெருக்கமான மல்துணிப் பை, இரு பக்கமும் கட்டி. மற்ற ஐந்துக்கு அதே துணிப் பை, ஆனால் கீழ்ப்பக்கம் திறந்தபடி. இரண்டாவது வகை இல்லாவிட்டால், பைக்குள் வெயிலும் மழையும் மாறியதால் பூச்சி பெருகியதா, குளவி நுழையாததால் பெருகியதா என்று சொல்ல முடியாது.

ஐந்து வாரம் கழித்து அவிழ்த்தபோது, மூடிய பைகள் மூன்றில் கொழுந்தே தெரியவில்லை. 80 முதல் 140 பூச்சிவரை இருந்தன. நான்காவது பை குச்சி குத்திக் கிழிந்திருந்தது. உள்ளே குளவி புகுந்து பூச்சிகளில் பாதி கூடாகி இருந்தது. ஐந்தாவதில் துணி நன்றாகவே இருந்தது, ஆனால் உள்ளிருந்தே மூன்று குளவிகள் வந்திருந்தன. விட்ட பத்துப் பூச்சிகளில் சிலவற்றுள் ஏற்கெனவே குளவி முட்டை இருந்திருக்க வேண்டும். திறந்த பைகள் ஐந்திலும் 3 முதல் 15 பூச்சி மட்டும். தவறிய இரண்டையும் கழித்துவிட்டாலும் வேறுபாடு கண்ணுக்கு எதிரே இருந்தது. மருந்தில்லாமல் பூச்சி அடங்காது என்ற எண்ணத்தைத் தோட்டக்காரர் கைவிட்டது அந்த மூடிய பையை அவிழ்த்துப் பார்த்த அன்றுதான்.

துளையில்லாத கூடுகளைச் சேகரித்து ஊறுகாய் ஜாடியில் துணி கட்டி வைத்தும் பார்த்தார்கள். இந்தத் தோட்டத்து 60 கூடுகளிலிருந்து 47 அனகைரஸ் வந்தன, 29 பெண், 18 ஆண். நான்கு வேறு இனக் குளவி. அவை குளவியையே தின்று வளரும் குளவிகள். அவை இந்த அளவில் இருந்தால் கவலையில்லை. பங்காளி தோட்டத்தில் தேடிப் பிடித்த கூடுகளிலிருந்து 19 அனகைரஸ் வந்தன, அவற்றில் 13 ஆண். எண்ணிக்கை சிறியது என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் மருந்தடித்த தோட்டத்தில் ஆண் மிகும் என்ற கணக்கோடு இது ஒத்துப்போகிறது. அந்த இரண்டு ஜாடிகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு ஆகஸ்ட் நடுவில் பங்காளியும் தெளிப்பை நிறுத்தினார். செப்டம்பர் கடைசிக்குள் அவர் கொழுந்துகளிலும் பழுப்புக் கூடு ஏறியது.

அறுவடை

நவம்பர் 21 முதல் கிழங்கு பிடுங்கினார்கள். ஏக்கருக்கு 9.2 டன். முந்தைய பருவத்தில் 12 டன் எடுத்த தோட்டம் இது. ஆலையில் பாயின்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) 26 வந்தது. முந்தைய பருவத்தில் 28. பங்காளிக்கு ஏக்கருக்கு 7.4 டன். அவர் தோட்டத்தில் சரளை அதிகம், அதனால் இடைவெளி முழுவதையும் பூச்சிக்கணக்கில் எழுத முடியாது.

குளவி விட்ட தோட்டத்திலும் ஏக்கருக்கு ஏறத்தாழ மூன்று டன் போனது ஏன் என்பதே இங்கே பார்க்க வேண்டியது. பயிரின் இரண்டாம் மாதம் முதல் ஐந்தாம் மாதம்வரை கொழுந்து அடைந்தே இருந்தது. கிழங்கு திரளத் தொடங்கும் காலமும் அதுதான். இலைப்பரப்பு இல்லாதபோது மாவு சேர வழியில்லை. ஜூலைக்குப் பின் செடி புதுக்கொழுந்து விட்டுப் பசுமையானது; ஆனால் இழந்த அந்த மூன்று மாதங்களைக் குளவியால் திருப்பித் தர முடியவில்லை.

மாற்ற வேண்டியவை

முதலாவது குச்சி. வெளியூர்க் குச்சி வாங்கினால் தனியாக அடுக்கி, ஒவ்வொரு கட்டிலும் சில குச்சிகளின் கணு இடுக்கைக் கைலென்சில் பார்க்க வேண்டும். வெள்ளை தெரிந்த கட்டு தோட்டத்துக்குள் வரக்கூடாது. தாய்லாந்தில் கரணையைத் தயாமீதாக்சம் 25 சதக் குருணை, 20 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் வீதம் கரைத்து 5 முதல் 10 நிமிடம் ஊறவைக்கிறார்கள். இலைமேல் தெளிப்பதைவிட இது நல்லது. மருந்து செடிக்குள் இருக்கும், காற்றில் பறக்கும் குளவிமேல் நேரடியாகப் படாது. பூசணமருந்தில் ஊறவைத்துவிட்டதால் கரணை நேர்த்தி முடிந்தது என்று எண்ணியதுதான் இங்கே நடந்த பிழை.

அடுத்தது நாள். மார்ச் நடுவில் முதல் கொழுந்து சுருண்ட அன்றே மாவை நீவி நிறம் பார்த்திருந்தால் ஆறு வாரமும் 9,000 ரூபாயும் மிஞ்சியிருக்கும். அன்று பூச்சி ஒரு மூலையில் சில வரிசைகளில் மட்டுமே இருந்தது. அந்தக் கொழுந்துகளைக் கிள்ளி எரித்து, அந்த வரிசைகளுக்கு மட்டும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பு லிட்டருக்கு 25 கிராம் கரைத்து மாலையில் அடித்திருக்கலாம். சோப்பு மெழுகுப்பொடியைக் கரைக்கும், காய்ந்தபின் நஞ்சு மிஞ்சாது.

குளவியைப் பெறுவதில் இரண்டு மாற்றம். பயணம் விடியலில்; ஒரு குப்பியும் பெட்டிக்கு வெளியே வரக்கூடாது. எறும்புப் புற்றைக் கலைப்பதைக் குளவி வரும் வாரத்துக்குத் தள்ளாமல் நடவு முடிந்த மாதமே செய்வது.

பைச் சோதனையை மறுபடி செய்பவர்கள், உள்ளே விடும் பூச்சியைத் தோட்டத்திலிருந்து எடுக்காமல், வீட்டில் வலைக்குள் வளர்த்த மரவள்ளித் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் முன்பே முட்டை வாங்கிய பூச்சி கலக்காது. துணிக்குள் இரண்டு மூங்கில் வளையங்களையும் வைத்தால் குச்சி குத்திக் கிழியாது.

2023 ஜனவரி நடவுக்கு வெளியூர்க் குச்சி வாங்கவில்லை. தங்கள் செடியிலேயே, கடைசி எண்ணிக்கையில் சுத்தமாக இருந்த வரிசைகளிலிருந்து, பச்சை நுனியையும் தடித்த அடியையும் கழித்து நடுப்பகுதியை மட்டும் எடுத்தார்கள். மார்ச் 20 அன்று அதே எட்டடிக் கணக்கில் 50 செடி பார்த்தபோது மூன்றில் மாவுப்பூச்சி இருந்தது. அந்த மூன்றில் இரண்டில் பழுப்புக் கூடும் இருந்தது. குளவி புதிதாக விடவில்லை, மருந்தும் அடிக்கவில்லை.